என் மனைவி எனக்கு வைத்த பெயர்

போன் அடிக்கட்டும், நான் எடுக்க மாட்டேன். என் தம்பிதான், லானிரே. அபியோகுட்டாவில் பஸ் ஏறியதிலிருந்து இது நான்காவது தடவை. நல்லவன் என்றுதான் நாற்பத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பையை மட்டும் நகர்த்தாதீர்கள். தேன் இருக்கிறது, உப்பு இருக்கிறது, கோலாக்கொட்டை இருக்கிறது. சாய்ந்தால் எல்லாம் ஒன்றாகிவிடும். நாளைக் காலை லாகோஸில் அவன் குழந்தைக்கு எட்டாம் நாள். எட்டாம் நாள்தான் எங்களில் பெயர் வைப்போம். தேனையும் உப்பையும் குழந்தையின் நாக்கில் தொட்டு வைத்து, வந்த பெரியவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஒரு குழந்தைக்குப் பத்துப் பெயர்கூட வரும். முதல் பெயர் அப்பா வீட்டுப் பெரியவருடையது. எங்கள் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மூத்தவள் நான்தான். அந்த ஒரு உரிமையாவது இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத்தான் இவன் போன் போட்டுப் பறிக்கப் பார்க்கிறான்.

நீங்கள் இந்தியாவா? டீச்சரா? நினைத்தேன். எங்களுக்கும் ஒரு இந்திய டீச்சர்தான் கணக்கு நடத்தினார். அவர் உள்ளே வந்ததும் பெண் பிள்ளைகள் எல்லோரும் மண்டியிடப் போவோம். பதறிப்போய் "எழுந்து நின்றால் போதும், நின்றால் போதும்" என்பார். போதாது என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அவருக்காக நின்றோம்.

உங்கள் மொழியில் பெரியவர்களை ஒரு மாதிரி, சின்னவர்களை ஒரு மாதிரி அழைப்பீர்களா? இரண்டு சொல் இருக்கிறதா? அப்படியென்றால் உங்களுக்குச் சொல்லலாம், உங்களுக்குப் புரியும். யொரூபாவிலும் இரண்டு உண்டு. வெள்ளைக்காரனுக்குத்தான் ஒரே ஒரு 'யூ'. கடவுளுக்கும் யூ, நாய்க்கும் யூ. நாம் இப்போது அதில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், வேறு வழியில்லை. ஆனால் மனதுக்குள் நான் உங்களுக்குப் பெரிய சொல்லைத்தான் வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் வைத்திருப்பீர்கள், முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

அவள் வைத்திருக்கவில்லை. டோலாப்போ. லானிரேயின் மனைவி. என் மனைவியும்தான்.

சிரிக்காதீர்கள். எங்களில் ஒரு பெண் கல்யாணமாகி ஒரு வீட்டுக்குள் வந்தால், அவள் காலடி வைப்பதற்கு முன்னால் அந்த வீட்டில் பிறந்த எல்லோரும் அவளுக்குக் கணவர்கள். ஆணும் கணவன், பெண்ணும் கணவன். தொட்டிலில் கிடக்கும் குழந்தைகூடக் கணவன்தான். அவர்களை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவளாகவே பார்த்து ஆளுக்கொரு அழகான பெயர் வைக்க வேண்டும், அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். காலையில் மண்டியிட்டு வணக்கம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதில் என்ன கஷ்டம்?

நான் செய்யவில்லையா? இருபத்திரண்டு வயதில் இஜேபு பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். என் கணவரின் கடைசித் தம்பிக்கு அப்போது ஆறு வயது. மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். கையில் எப்போதும் ஒரு சிலேட்டு. நான் அவனுக்கு 'அக்கோவே' என்று பெயர் வைத்தேன். குமாஸ்தா என்று அர்த்தம். தினமும் காலையில் அவன் முன்னால் மண்டியிட்டு, "அக்கோவே, நன்றாகத் தூங்கினீர்களா?" என்று கேட்பேன். பெரிய சொல்லில். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டுவான். எட்டாம் மாத வயிற்றோடும் மண்டியிட்டேன். தண்ணீர்க்குடம் தலையில் இருந்தால் அதை இறக்கி வைத்துவிட்டு மண்டியிட்டு, மறுபடி தூக்கி வைத்துக்கொண்டு போவேன். அந்தக் குழந்தை தங்கவில்லை. அது வேறு விஷயம்.

நான் பெயர் வைத்த மாதிரியே அவன் வளர்ந்து கோர்ட்டில் குமாஸ்தா ஆனான். என் கணவர் இறந்த நாற்பதாம் நாள், வீட்டைக் குடும்பத்திடம் ஒப்படைக்கும் தாளைத் தானே எழுதிக்கொண்டு வந்தான். அழகான கையெழுத்து. எனக்குப் பிள்ளை இல்லை, அதனால் அங்கே இருக்க முடியாது, அதுதான் முறை. ஆனால் பாருங்கள், சாவியைக் கேட்கும்போதுகூட "உட்காருங்கள் அண்ணி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் கேட்டான். மரியாதை தெரிந்த வீடு. நானும் மண்டியிட்டுத்தான் கொடுத்தேன்.

ஏன் நிற்கிறது? ஓ. செக்பாயிண்ட். இந்த ரோட்டில் அரை மணிக்கு ஒன்று. எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், பையில் என்ன. இதைக் கேட்க ஒரு துப்பாக்கி வேறு. பார்க்காதீர்கள், பார்த்தால் உங்கள் பையைத் திறக்கச் சொல்வார்கள். ம். விட்டுவிட்டார்கள்.

எங்கே விட்டேன்? டோலாப்போ. மருந்து படித்தவள். லாகோஸில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறாள். லானிரே கடலில் எண்ணெய் எடுக்கும் இடத்தில் வேலை செய்கிறான், ஒரு தடவை போனால் ஆறு வாரம் வர மாட்டான். மழை ஆரம்பிக்கும்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். "அக்கா, மூன்று மாதம் உங்களோடு இருக்கட்டும்" என்று கொண்டுவந்து விட்டான். நான் சந்தோஷப்பட்டேனா என்று கேளுங்கள். சந்தோஷப்பட்டேன். அறையை வெள்ளையடித்தேன். எங்கள் அப்பா வீட்டில் எனக்கென்று வந்த ஒரே மனைவி அவள்தான். சித்தப்பா மகன் வாசியு இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சித்தி, இடோவுவின் அம்மா, நான் பிறப்பதற்கு முன்பே வந்தவள், அதனால் அவளுக்கு நான் கணவன் இல்லை, பெயர் சொல்லி வெறும் அவெரோ. அறுபதை நெருங்குகிறேன். இத்தனை வருஷத்தில் என்னை யாரும் கணவன் என்று கூப்பிட்டதில்லை. ஒருத்தியாவது எனக்கு ஒரு பெயர் வைப்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். வேறென்ன கேட்டேன்?

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு எழுந்து வந்தாள். நான் ஆறு மணியிலிருந்து கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், தலைக்குத் துணி கட்டிக்கொண்டு. வாயில் பிரஷ்ஷோடு வந்து, "குட் மார்னிங், ஆன்ட்டி அவெரோ" என்றாள்.

ஆன்ட்டி. அவெரோ.

நான் தலைத்துணியை இறுக்கிக்கொண்டேன். அவள் இன்னொரு தடவை சொன்னாள், காது கேட்கவில்லை என்று நினைத்து, சத்தமாக.

"இந்த வீட்டில் காலை வணக்கம் எங்கிருந்து சொல்வார்கள் தெரியுமா?" என்றேன்.

"எங்கிருந்து, ஆன்ட்டி?"

"தரையிலிருந்து."

அவள் தரையைப் பார்த்தாள். வயிற்றைப் பார்த்தாள். "டாக்டர் குனியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்" என்றாள். இங்கிலீஷில். பொய். அந்த டாக்டரைச் சொல்லிச் சொல்லித்தான் மூன்று மாதமும் ஓட்டினாள். என்னிடம் ஒரு வாக்கியம் யொரூபாவில் பேசியதில்லை. பேசினால் இரண்டு சொல்லில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே. சின்னதைச் சொல்ல தைரியம் இல்லை, பெரியதைச் சொல்ல மனசு இல்லை. இங்கிலீஷுக்குள் ஓடி ஒளிந்துகொண்டாள். போனில் தன் அம்மாவிடம் நல்ல யொரூபா பேசுகிறாள், எனக்குக் கேட்காதா? அந்தக் கிழவிக்குப் பெரிய சொல் நிற்காமல் வருகிறது.

வாசியுவுக்குப் பெயர் வைத்தாள். முதல் வாரமே. 'ஒபெலெங்கே.' ஒடிசலான அழகன் என்று அர்த்தம். அவன் தொப்பை அவனுக்கு முன்னால் வாசலைத் தாண்டும். ஆனாலும் அந்த முட்டாள், "ஒபெலெங்கே, கொஞ்சம் ஐஸ் வாங்கி வருகிறீர்களா?" என்று அவள் கேட்டால் போதும், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு ஓடுவான். அவனுக்கு வைக்கத் தெரிகிறது. எனக்கு வைக்கத் தெரியவில்லை. சரி, யோசிக்கிறாள் போலிருக்கிறது, நல்லதாக வைக்க யோசிக்கிறாள் என்று விட்டேன்.

நான் ஒரு குறையும் வைக்கவில்லை. கேட் சத்தம் கேட்டால் போய் நிற்பேன். எங்கே போய்விட்டு வருகிறாய், யாரைப் பார்த்தாய், பையில் என்ன. வயிற்றுப் பிள்ளைக்காரி, கண்டதைத் தின்றால்? பையைத் திறந்து பார்ப்பேன், நல்லதற்குத்தான். ஒரு நாள் நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிடித்தேன். போன் வந்தால் யார் என்று கேட்பேன். கேட்காமல் இருந்தால் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டார்களா?

ஒரே ஒரு நாள் மண்டியிட்டாள், சொல்லட்டுமா? ஒரு மத்தியானம் குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே தரையில் முட்டி போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அது கணக்கில் வராது. கையைச் சுவரில் ஊன்றியிருந்தாள். நான் என்ன செய்ய, விட்டுவிட்டுப் போகவா? பின்னால் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். முதுகைத் தேய்த்துவிட்டேன். இரண்டு மணி நேரம். அதில்தான் என் வலது முட்டி போனது, இன்றுவரை சரியாக மடங்குவதில்லை. தரையையும் நான்தான் கழுவினேன். மறுநாள் காலையில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க் யூ" என்றாள்.

யூ.

கையை உருவிக்கொண்டேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் கேட்டேன். நான் ஒட்டுக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், உலர்த்திக்கொண்டே இருந்தேன். அவள் யாரோ தோழியோடு போனில் பேசுகிறாள். "இல்லைடி, இப்போது வெளியே வர முடியாது. செக்பாயிண்ட் முழித்துக்கொண்டிருக்கிறது" என்றாள். சிரித்தாள். "நேற்று மாம்பழத்தைக்கூடப் பிதுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டது" என்றாள். இத்தனையும் யொரூபாவில். செக்பாயிண்ட் மட்டும் இங்கிலீஷ்.

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. ரோட்டைப் பற்றி ஏதோ சொல்கிறாள் என்று நினைத்தேன். மாம்பழம் என்றதும் புரிந்தது.

பார்த்தீர்களா, மறுபடியும் அடிக்கிறான். நாட்டில் இவனுக்கு மட்டும்தான் சிக்னல் கிடைக்கிறது.

நான் சும்மா விடவில்லை. லானிரே விடுமுறைக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைக் கூட்டினேன். குடும்பம் என்றால் என்ன, சித்தி, வாசியு, லானிரே, அவள். சித்திக்கு எண்பது வயது, வீட்டுக்கு வந்த மனைவிகளில் மூத்தவள், மனைவி விஷயத்தில் அவள் சொன்னால் அதுதான் தீர்ப்பு. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிரஷ்ஷிலிருந்து மாம்பழம் வரை. பழைய முறைப்படி தீர்ப்புச் சொல்லுங்கள் என்றேன்.

சித்தி அவளைப் பார்த்து, "இவளுக்கு அந்தப் பெயரை வைத்தது நீயா?" என்றாள்.

"ஆமாம், அம்மா." சித்திக்குப் பெரிய சொல்! முட்டியும் மடங்கியது, பாதி. ஏழு மாத வயிற்றோடு.

"யோசித்து வைத்தாயா, சும்மா வைத்தாயா?"

"இரண்டு வாரம் யோசித்தேன், அம்மா. பொருத்தமாக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள்."

வாசியு தரையைப் பார்த்துக்கொண்டான். தொப்பை குலுங்கிக்கொண்டிருந்தது.

சித்தி என் பக்கம் திரும்பினாள். "அவெரோ, கணவனுக்குப் பெயர் வைப்பது யார் உரிமை?"

"மனைவியின் உரிமை. ஆனால்..."

"கணவன் அதை மாற்றலாமா?"

"சித்தி, அது அழகான பெயராக..."

"உன் அப்பா எனக்கு மைத்துனர். நான் வந்த அன்றைக்கு என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். கொட்டாவி என்றே வைத்தேன். சாகும்வரை கொட்டாவி என்று கூப்பிட்டால் வந்தார். நீ பெயர் கேட்டாய், அவள் வைத்துவிட்டாள். பழைய முறைதானே கேட்டாய்? இதுதான்." அப்புறம் அவளும் சிரித்தாள், பல் இல்லாத வாயால். "செக்பாயிண்ட், அந்தத் தண்ணீரை எடு" என்றாள்.

லானிரே சிரித்தான். என் தம்பி. அதுதான் எனக்கு வலித்தது. அவள் சிரிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திமிர்.

அன்றிலிருந்து தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. மீன் விற்கிறவள்கூட, "செக்பாயிண்ட் அம்மா, இன்றைக்குச் சோதனை இல்லையா?" என்கிறாள். கூரை வேலை முடிந்து அவள் லாகோஸ் போன பிறகும் பெயர் போகவில்லை. ஒரு நாள் கேட்டில் நின்று பார்க்கிறேன், ரோட்டில் யாரும் வரவில்லை. நானும் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

பையன் பிறந்திருக்கிறான் என்று போன வாரம் செய்தி வந்தது. அன்றைக்கே என் பெயரை முடிவு செய்துவிட்டேன். கேளுங்கள். ஒலாகுன்லே. மதிப்பு வீட்டை நிறைத்தது என்று அர்த்தம். சர்ச்சில் பத்துப் பேருக்கு இருக்கும், யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவ்வளவு நீளமாக யார் கூப்பிடுவார்கள்? குன்லே என்றுதான் கூப்பிடுவார்கள். குன்லே. வீடு நிறைய. அதையே கடைசியில் வாயைக் கொஞ்சம் திறந்து, குரலைக் கீழே இறக்கிச் சொல்லிப் பாருங்கள். குன்லெ. மண்டியிடு.

புரிகிறதா? இனி நான் அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் குழந்தையைக் கூப்பிடுவேன். அவள் சமையலறையில் இருப்பாள். குன்லெ! குளிக்கப் போவாள். குன்லெ! அவளும் தன் வாயாலேயே ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டிருப்பாள். நல்ல பெயரை மாற்றச் சொல்ல அவளால் முடியுமா? பெரிய வீட்டு அத்தை கொடுத்த முதல் பெயர்.

வாசியுவிடம் சொன்னது என் தப்பு. அவன் வயிற்றில் சோறுதான் தங்கும். நேற்றே லானிரேக்குச் சொல்லிவிட்டான். அதற்குத்தான் இந்த போன். "அக்கா, வேறு பெயர் சொல்லுங்கள், இல்லையென்றால் வர வேண்டாம்" என்று சொல்லப் போகிறான். எடுத்தால்தானே சொல்வான்?

காலையில் பஸ் நிலையத்தில் விடும்போது வாசியு இன்னொன்று சொன்னான். லானிரே அவளிடமும் சொன்னானாம், இந்த மாதிரி ஒரு பெயரோடு வருகிறார் என்று. அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாளாம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "செக்பாயிண்ட் வராமல் பெயர் வைக்கக் கூடாது, எட்டு மணியானாலும் ஒன்பது மணியானாலும் காத்திருக்க வேண்டும்" என்றாளாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. பயந்திருக்க வேண்டும். அழுதிருக்க வேண்டும். எதற்குக் காத்திருக்கிறாள்? ஏதோ திட்டம் இருக்கிறது. நாளைக்கு எல்லோரையும் என்னைப் பார்த்துச் சிரிக்கவைக்க ஏதோ வைத்திருக்கிறாள்.

வைத்திருக்கட்டும். நான் நாற்காலியில்தான் உட்காருவேன். அவள் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது முட்டி மடங்கியே ஆக வேண்டும், இப்போது வயிறும் இல்லை, டாக்டரும் இல்லை. இங்கிலீஷில் கொடுக்க முடியாது குழந்தையை.

மறுபடியும் பாருங்கள். இவனுக்கு வேறு வேலையே... இல்லை. இவன் இல்லை. அவள்.

அவள் எனக்கு போன் போட்டதே இல்லை. இந்த நம்பர் வைத்திருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது. நான் வைத்திருக்கிறேன், லானிரே போட்டுக் கொடுத்தான், 'மனைவி' என்று. எடுக்க மாட்டேன். அடிக்கட்டும். பத்து தடவை அடிக்கட்டும். குழந்தைக்கு ஏதாவது என்றால் லானிரே... லானிரேதான் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறானே.

ஐயோ! என்ன பிரேக் போடுகிறான் இவன்! டிரைவர், உனக்குக் கண் இல்லையா? செக்பாயிண்ட் நேற்றா முளைத்தது? போன் எங்கே? உங்கள் காலடியில்தான் விழுந்தது. இல்லை, நீங்கள் குனியாதீர்கள், நீங்கள் விருந்தாளி. இந்தப் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிமிர்த்திப் பிடியுங்கள், தேன். காலைக் கொஞ்சம் விலக்குங்கள். சீட்டுக்கு அடியில் போய்விட்டது. சத்தம் வருகிறது, கை எட்டவில்லை. ஒரு முட்டி போதாது, இரண்டையும் ஊன்ற வேண்டும். ம். இன்னும் கொஞ்சம். இதோ.

ஹலோ. நான்தான்... கேட்கிறது, சொல்... செக்பாயிண்டில்... இல்லை, வைக்காதே. நீ பேசு, நான் இப்படியே இருக்கிறேன்.